சேலைத் தொட்டிலில் இஞ்சின்

பையைக் காலுக்குக் கீழ தள்ளிக்கோம்மா, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. நான் திருநெல்வேலியில இறங்கி பஸ் மாறணும். கோபிக்குப் போறேன், கோபிச்செட்டிபாளையத்துக்கு. அங்க எங்க சம்பந்தியம்மா வீடு. மகன் வீட்டுக்கு இல்லம்மா, மகனும் மருமகளும் கோயம்புத்தூர்ல இருக்காக. நான் போறது மருமகளோட அம்மா வீட்டுக்கு. ஏன் அப்படி முழிக்கே? எங்க தெருவுலயும் இப்படித்தான் முழிச்சாளுக. சம்பந்திமார் ரெண்டு பேரும் தனியா பாத்துக்கிடக் கூடாதா என்ன? ஏன் போறேன்னு உனக்குச் சொல்லணும்னா இஞ்சின்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ஆமா, இஞ்சின்தான். மோட்டார் சைக்கிள் இஞ்சின். சிரிக்காத, கேளு.

எங்க வீட்டுக்காரவுக மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவுக. ஒரு பழைய சிவப்பு வண்டி வச்சிருக்காக. காலைல எந்திரிச்சதும் அதை எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போவாக. குளிப்பாக, கூட்டாளிகளோட டீ குடிப்பாக, ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சுட்டு வெயில் ஏறினப்புறம்தான் வருவாக. அதுவரைக்கும் வீடு என் கையில. எனக்கு அது போதும். நான் ஒண்ணும் அவுகளை வெளிய விரட்டுறவ இல்ல. ஆனா போனா நல்லாயிருக்கும், அவ்வளவுதான்.

தீவாளிக்கு என் மகன் நாயகம் வந்தான். வண்டி புகையா கக்குதுன்னு சொல்லி, "நான் பாத்துக்கிடுதேன்பா"ன்னு இஞ்சினைக் கழட்டி கீழ இறக்கிட்டான். திருநெல்வேலியில பட்டறைக்குக் கொண்டு போய், பிஸ்டன் எல்லாம் புதுசு போட்டு, பளபளன்னு சாக்குல சுத்திக் கொண்டாந்தான். இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அன்னைக்குப் பாத்து ஆபீஸ்ல இருந்து போன். "அம்மா, அடுத்த லீவுல வந்து மாட்டிருதேன்"னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டான். இஞ்சின் சாக்குக்குள்ள. வண்டி எலும்புக்கூடு மாதிரி எங்க வீட்டு தார்சாவுல, வாசல்ல நுழைஞ்சதும் இருக்குமே முன்னறை, அங்க நிக்கி.

அதுக்குப் பின்னாலயே அவுகளுக்குக் குடலிறக்கம்னு ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சுது. ஆனா டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, மாசக்கணக்கா எதையும் தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்தாகளா, அப்புறம் பாரு என் பாட்டை. எந்நேரமும் அடுக்களை வாசல்ல நிக்காக. "சாம்பாருக்கு என்ன காய்?" "முருங்கைக்காயை ஏன் இவ்வளவு நீளமா வெட்டுத?" "கேஸை ஏன் பெருசா வச்சிருக்க?" நான் எத்தனை வருசமா வெட்டுதேன், அப்பல்லாம் அந்த நீளம் கண்ணுல படல!

கொஞ்ச நாள்ல அதுவும் நின்னு போச்சு. கேக்கறதை விட்டுட்டாக. கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாக. சாப்பிட வாங்கன்னா, "வைம்மா"ங்காக. வச்சா அப்படியே இருக்கு. ஷேவ் பண்ணல. கூட்டாளிங்க போன் பண்ணினா எடுக்கல. கேள்வி கேக்கிற ஆளையாவது விரட்டலாம். சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கிற ஆளை என்ன செய்ய? எனக்கு ஒரே எரிச்சல். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டுப் படுக்க வேண்டியிருக்கு. நம்ம தூக்கம்லா கெடுது!

அந்தச் சமயத்துலதான் சம்பந்தியம்மா வந்தா. ஆபரேஷன் பண்ணினவுகளைப் பாக்கணுமே, மொறை. ஒரு பொழுது இருந்துட்டுப் போறதா வந்தா. பேரு குணவதி. நல்ல உசரம், ஒல்லி. நாம ஒரு வாக்கியம் பேசி முடிக்கிறதுக்குள்ள அவ அரை வாக்கியம் பேசுவா. அதுலயும் எல்லாத்துக்கும் ஒரு 'ங்க'. "ஆமாங்க." "இல்லீங்க." "சரிங்க சம்பந்தி." எங்க வீட்டுப் பூனை குறுக்க வந்தா அதுக்கும், "சித்த நகருங்க." பிள்ளைகளா பாத்து முடிச்ச கல்யாணம்மா. அவுக ஊரு வேற, வழக்கம் வேற. கல்யாணம் முடிஞ்சதுல இருந்து எங்களுக்குள்ள "நல்லாயிருக்கீங்களா, நல்லாயிருக்கோம்", அதுக்கு மேல ஒரு பேச்சு கிடையாது.

வந்தவ கிளம்ப முடியல. மழை பிடிச்சுக்கிட்டு. என்னா மழை! ரயில் இல்லைன்னுட்டான், பஸ் இல்லைன்னுட்டான், தெருவெல்லாம் தண்ணி. வீட்டுக்குள்ள சுவத்தைப் பாக்கிற ஒரு ஆளு, 'ங்க' போடுற ஒரு ஆளு, நடுவுல நான். நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவ எந்திரிச்சுப் போர்வையை மடிச்சு வச்சிருப்பா. நான் தட்டை எடுக்கப் போனா, அவ தட்டைக் கழுவிக் கவுத்தியிருப்பா. எனக்குப் பொறுக்குமா? மறுநாள் நான் அவளுக்கு முன்னாடி எந்திரிச்சேன். அதுக்கு மறுநாள் அவ எனக்கு முன்னாடி. இப்படியே போனா ரெண்டு பேரும் படுக்கவே வேண்டாம்ங்கிற நெலைமைக்கு வந்துட்டோம்.

ஒரு மத்தியானம், மழை சோன்னு ஊத்துது. அவுக உள்ள தூங்குதாக. இவ தார்சாவுல அந்தச் சாக்கு முன்னால குத்தவச்சு உக்காந்திருக்கா.

"ஏனுங்க சம்பந்தி, இது என்னங்க மூட்டை?"

சொன்னேன். மகன் கழட்டினது, பட்டறைக்குப் போனது, லீவு முடிஞ்சது எல்லாத்தையும் சொன்னேன். மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னா அவன் கடையில முழங்கால் தண்ணின்னு சொன்னேன். வண்டி ஓடினா அவுக எந்திரிச்சு வெளிய போவாக, எனக்கு அடுக்களை திரும்பக் கிடைக்கும்னும் சொன்னேன். அவ சாக்கை விலக்கி இஞ்சினைத் தடவிப் பாத்தா.

"புதுசாட்டம் இருக்குதுங்க. ஏனுங்க, நாமளே மாட்டிப்போடலாமுங்களா?"

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அப்பத்தான் சொல்லுதா. அவ வீட்டுக்காரர் தவறினப்புறம் சொசைட்டிக்குப் பால் கொண்டு போனது இவதானாம். மொபெட்டுல. நடுக்காட்டுல வண்டி நின்னா யாரைக் கூப்பிட? பிளக்கைக் கழட்டித் தொடைக்கிறது, செயினை மாட்டுறது எல்லாம் தானே பழகிக்கிட்டாளாம். "இஞ்சின் மாட்டுனதில்லீங்க. ஆனா அதுல ஓட்டை இருக்குது, நம்மகிட்ட போல்ட்டு இருக்குது. ஓட்டைக்கு நேரா ஓட்டை வந்தாப் போதுமுங்களே."

இவ்வளவு நாள் சம்பந்தியா இருக்கோம், இவ மொபெட் ஓட்டுவாள்னு எனக்குத் தெரியாது பாரு. எனக்கு அந்த நிமிசம் ஒரு மாதிரி கிறுகிறுப்பு வந்துட்டு. "மாட்டிருவோம்"னுட்டேன்.

கையால தூக்கிப் பாத்தோம். தூக்கலாம். ஆனா தூக்கின உசரத்துல நிறுத்த முடியல. எங்க தார்சா உத்தரத்துல ஒரு கொக்கி உண்டு. நாயகத்துக்குத் தொட்டில் கட்டினது. அதைக் காட்டினேன். "ஒரு உறுதியான சேலை இருந்தாப் போதுமுங்க"ன்னா. உள்ள ஓடி, பீரோவுல கையை விட்டு, கெட்டியா ஒரு சேலையை உருவிக்கிட்டு வந்தேன். பச்சையும் ஆரஞ்சுமா ஒண்ணு, நான் கட்டவே கட்டாதது. அதைப் பிரிச்சு அவ கையில குடுத்தேன்.

அவ அதைப் பாத்தா. முந்தியைத் திருப்பிப் பாத்தா.

"இது நான் உங்களுக்குக் கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்ததுங்களே."

எனக்கு உசிரே போயிட்டு. "நல்ல உறுதியான சேலைல்லா"ன்னேன்.

அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. அப்புறம் அவ தோள் குலுங்குது. அழுதாளோன்னு பாத்தா, சிரிக்கா! வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. "எனக்கும் புடிக்கலீங்க. கடைக்காரன் தலையில கட்டிப்போட்டானுங்க." அவ்வளவுதான், எனக்கும் பிடிச்சுக்கிட்டு. உள்ள தூங்கற மனுசன் முழிச்சிரப் போறாகன்னு ஆளுக்கொரு தலையணையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிச்சோம்.

சேலையைக் கொக்கியில போட்டு, இஞ்சினைத் தொட்டில்ல வச்சோம். அம்மா, நீ பாத்திருக்கணும். பச்சைச் சேலைக்குள்ள இஞ்சின் சுருண்டு படுத்திருக்கு, கிக்கர் மாட்டுற தண்டு மட்டும் பிள்ளை காலு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு. லேசா ஆடுது வேற. குணவதி அதைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டி, "அப்பனாட்டமே இருக்குதுங்க"ன்னா. நான் தரையில உக்காந்துட்டேன். எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு.

வேலைக்கு வருவோம். வண்டியைத் தொட்டில் பக்கத்துல தள்ளிக் கொண்டு வந்து நிறுத்தி, சேலையை ஏத்தி இறக்கி உசரம் சரி பண்ணி, இஞ்சினைப் பக்கவாட்டுல உள்ள தள்ளினோம். பாதி போச்சு. அதுக்கு மேல போகல. சேலை போய் வண்டிச் சட்டத்தோட மேல் குழாயில மாட்டிக்கிட்டு இடிக்கி. அப்ப என்ன செய்யணும்? சேலையை அவுத்துட்டு, கையால தாங்கி உள்ள தள்ளணும். அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு கையால தாங்கிக்கிட்டு முடிச்சை அவுத்தேன்.

அவுத்ததும் பாரம் முழுசும் கையில வந்துட்டு! உள்ள தள்ளிட்டோம், இஞ்சின் சட்டத்துக்குள்ள போயிட்டு. ஆனா ஓட்டைக்கு நேரா ஓட்டை வரமாட்டேங்கு. ஒரு விரல்கடை மேல வரணும். மேல தூக்கினா முன்னால போகுது. முன்னால பிடிச்சா கீழ இறங்குது. போல்ட்டு தரையில கிடக்கு. எடுத்துச் சொருக யாருக்குக் கை இருக்கு? அவ நெத்தியெல்லாம் வேர்வை. விட்டா அவ கால்ல விழும், இல்ல என் கால்ல விழும். கீழ விழுந்து இஞ்சின் உடைஞ்சா அவுககிட்ட என்னன்னு சொல்ல? அதை நினைச்சேனா, என் பக்கம் கை லேசா வழுக்கிட்டு.

"அடக் கெரகம் புடிச்சவளே, தூக்குடீ!"

யாரு? எங்க சம்பந்தியம்மாதான்! 'ங்க' எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. எனக்கு வந்துச்சே ஒரு வேகம்.

"நீ தூக்குட்டி! கொக்கு மாதிரி வளந்திருக்கல்லா, தூக்கு!"

"உன்ர பக்கந்தான்டி எறங்குது!"

"கண்ணைத் தொறந்து பாரு, உன் பக்கம்!"

இந்தச் சத்தத்துல யாரு தூங்க முடியும்? ரூம் வாசல்ல அவுக நிக்காக. கைலியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மத்தக் கையை வயித்துல வச்சுக்கிட்டு. உத்தரத்துல சேலை தொங்குது, தரையெல்லாம் போல்ட்டு, ரெண்டு பொம்பளைங்க வண்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மாறி மாறி ஏசிக்கிட்டு இருக்கோம். போச்சு, இன்னைக்கு வீட்டுல ஒரு களேபரம்தான்னு நினைச்சேன்.

"ஏட்டி வடிவு, அசையாத. ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க"ன்னாக.

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

மெதுவா வந்தாக. "தூக்கக் கூடாது, தூக்கக் கூடாது"ன்னு நான் கத்துதேன். "நான் எங்கட்டி தூக்குதேன்? நீங்கதானே தூக்குதீக"ன்னு சொல்லிக்கிட்டே முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாக. ஒரு திருப்புளியை எடுத்து இந்தப் பக்க ஓட்டையில விட்டு, லேசா ஒரு நெம்பு. "சம்பந்தியம்மா, உங்க பக்கம் ஒரு நூல் மேல. ஆங், நில்லுங்க." போல்ட்டைச் சொருகினாக. நழுவிக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு பாரு! "விட்டுராதீக, இன்னொண்ணு இருக்கு." அடுத்தது. முன்னால உள்ளது. "எதையும் இப்ப முறுக்கக் கூடாது. எல்லாம் உள்ள போனப்புறம்தான் முறுக்கணும். சரி, விடுங்க இப்ப."

விட்டோம். இஞ்சின் அங்கேயே நின்னுச்சு.

நானும் அவளும் தரையில காலை நீட்டி உக்காந்துட்டோம். அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன். "கொக்கா?"ன்னு கேட்டா. "கெரகமா?"ன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரவுக வயித்தை அமுக்கிக்கிட்டு, "ஏ, சிரிக்க வைக்காதீங்கட்டி, தையல் பிரிஞ்சிரும்"னு கெஞ்சுதாக. ஆபரேஷன் ஆனப்புறம் அவுக சிரிச்சது அதுதான் மொதத்தடவை. எனக்குத் தையலை நினைச்சுத்தான் பதைப்பா இருந்துச்சு. அதனாலதான் கண்ணுல தண்ணி வந்துட்டு.

அப்புறம் மழை விடுற வரைக்கும் எங்க வீட்டுல சமையல்னு ஒண்ணு நடந்துச்சான்னே ஞாபகம் இல்ல. கஞ்சியும் தொவையலும்தான். அவுக முக்காலியில உக்காந்து சொல்லுவாக, நாங்க செய்வோம். செயினை மாட்டினோம். கார்ப்பரேட்டர், கிளட்ச் ஒயர், சைலன்சர், டேங்க்கு எல்லாம் மாட்டினோம். கடைசில ஒரு போல்ட்டு மிஞ்சிட்டு. மூணு பேரும் வண்டியைச் சுத்திச் சுத்தித் தேடுதோம், எங்கயும் காலி ஓட்டை இல்ல. பாத்தா அது எங்க கிரைண்டர் போல்ட்டு. அது எப்படி அங்க வந்துச்சுன்னு இன்னைக்கு வரை தெரியாது. அவுக மூணு வேளையும் உக்காந்து சாப்பிட்டாக. ஷேவ் பண்ணினாக. குணவதி என்னை நீ, வா, போன்னுதான் பேசினா. நானும்தான். மரியாதை இல்லாத பேச்சுதான், என்ன செய்ய? ரெண்டு பேருக்கும் நேரம் இல்ல.

மழை விட்ட அன்னைக்கு வண்டியைத் தெருவுல எறக்கினோம். அவுக மிதிக்கக் கூடாது. நான் சேலையைச் சொருகிக்கிட்டு மிதிச்சேன். புஸ்ஸுன்னுச்சு. திரும்ப மிதிச்சேன். கால் வழுக்கி, செருப்பு எதிர்வீட்டு வாசல்ல போய் விழுந்துச்சு. "நகுரு"ன்னு சொல்லிட்டு குணவதி வந்தா. ஒரு மிதி. ரெண்டாவது மிதிக்கு டம்முனு ஒரு சத்தம், குப்புன்னு ஒரு புகை, அப்புறம் பிடிச்சுக்கிட்டுப் பாரு! டுர்ர்ர்ன்னு! எதிர்வீட்டுல, பக்கத்து வீட்டுல எல்லாரும் வெளிய வந்துட்டாக. அவுக ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்காக, கோயில்ல நிக்கிற மாதிரி.

"ஏறுடி"ன்னா குணவதி.

"உனக்கு கியரு தெரியுமா?"

"அதுக்கென்ன, போகப் போகத் தெரியும். ஏறு."

ஏறிட்டேன். நான் ஏன் ஏறினேன்னு எனக்கே தெரியல. அவுக ஏதோ கத்துதாக, அது என்னன்னு காதுல விழல. முதல் கியர்லயே போறோம். வண்டி அலறுது, ஆனா ஆமை வேகம். தெருவுல குழிக்குள்ள எல்லாம் மழைத்தண்ணி, ரெண்டு பக்கமும் தெறிக்கு. ஒரு நாய் எங்க கூடவே நடந்து வருது, ஓடக்கூட இல்ல, நடந்து! நான் அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு, "மெதுவாட்டி, மெதுவாட்டி"ன்னு கத்துதேன். நாயி என்னை ஒரு மாதிரியாப் பாத்துச்சு.

ஆத்துக்குத் திரும்புற முக்குல, அவுக கூட்டாளிங்க உக்காந்து டீ குடிக்கிற கடை முன்னால, சரியா அங்க வந்து வண்டி நின்னு போச்சு. மிதிச்சோம், மிதிச்சோம், ஒண்ணும் ஆகல. கடையில இருக்கிற அத்தனை ஆம்பிளைகளும் எங்களைப் பாக்காக. தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போயிருவோம்னு வண்டியைத் திருப்பினா, தெருவுல அவுக வாராக.

நடந்து வாராக. சட்டைப் பொத்தானை மாத்தி மாட்டிக்கிட்டு, ஒரு கையை வயித்துல வச்சுக்கிட்டு, தண்ணிக்குள்ள வேகமா வாராக. ஆபரேஷன் ஆனதுல இருந்து வாசப்படி தாண்டாத மனுசன். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "வழுக்கி விழுந்தா என்ன ஆகும், யாரு வரச் சொன்னா?"ன்னு நடுத்தெருவுலயே பிடிச்சேன். அவுக என்னைப் பாக்கவே இல்ல. நேரா வண்டிக்கிட்ட போய் குனிஞ்சு, டேங்க்குக்குக் கீழ ஒரு திருகு இருக்கும்லா, அதைத் திருகினாக.

"பெட்ரோலைத் தொறந்து விடாம, கார்ப்பரேட்டர்ல கிடந்ததை வச்சே கிளம்பிட்டீக ரெண்டு பேரும். அதைத்தான் நான் அங்க கத்தினேன்."

கடையே சிரிச்சுச்சு. அவுக கூட்டாளிங்க எந்திரிச்சு வந்து அவுக தோளைப் பிடிச்சு உக்கார வச்சு, டீ சொன்னாக. எங்களுக்கும் சொன்னாக. நான் அந்தக் கடையில உக்காந்து டீ குடிச்சது அன்னைக்குத்தான். குணவதி ரெண்டு டீ குடிச்சா.

மறுநாள் ரயில் விட்டுட்டான், அவ போயிட்டா. ஸ்டேஷன்ல அவுகளைப் பாத்து, "போயிட்டு வர்றேனுங்க அண்ணா"ன்னா. என்னைப் பாத்து, "வர்றேன்டி"ன்னா. ரயில் போனப்புறம் வீட்டுக்கு வந்து பாத்தா, போர்வை மடிச்சு வச்சிருக்கு. எனக்கு முன்னாடி எந்திரிச்சிருக்கா, கள்ளி.

இப்ப அவுக வண்டியை எடுத்துக்கிட்டு நல்லாப் போறாக, வாராக. அடுக்களை என் கையில. ஆனா பாரும்மா, முருங்கைக்காயை வெட்டும்போது நீளம் சரிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்ல.

குணவதிக்குக் கண்ணுல புரை. நாளைக்கு ஆபரேஷன். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காகளாம். மருமக போன்ல, "அத்தை, நான் லீவு போடுறேனுங்க"ன்னா. "நீ உன் வேலையைப் பாரு, நான் போறேன்"னுட்டேன். அவளை உக்கார வைக்கிறதுன்னா லேசா? பிள்ளைக சொன்னா கேக்கமாட்டா. ஏசணும். அதுக்கு நான்தான் போகணும்.

காலைல பஸ் ஸ்டாண்டுல என்னைக் கொண்டு விட்டது அவுகதான், அந்த வண்டியிலதான். நான் பஸ்ல ஏறி உக்காந்தப்புறமும் போகல. ஜன்னலுக்கு நேரா நின்னுக்கிட்டு வண்டியை ஆஃப் பண்ணாம உறும விட்டுக்கிட்டே இருக்காக. பெட்ரோல் வீணால்லா போகுது! "ஆஃப் பண்ணுங்க, வீட்டுக்குப் போங்க"ன்னு கையைக் காட்டுதேன். நான் காட்டக் காட்ட இன்னும் முறுக்குதாக, சிரிச்சுக்கிட்டே. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது. இந்த வயசுல இது என்ன விளையாட்டு? பஸ் கிளம்பி, ஆத்துப் பாலம் ஏறுற வரைக்கும் பின்னாலயே வந்தாக. நீ பாலத்துக்கு இந்தப் பக்கந்தானே ஏறின? அந்தச் சத்தம் உனக்கும் கேட்டிருக்குமே.